செம்பின் வயிறு

நியென் சாய்-லுவானுடைய அம்மாவுடன் பிறந்தவர்கள் இரண்டு தங்கைகள். நடுவில் இருந்தவள் சின்ன வயதிலேயே போய்விட்டாள். கடைசித் தங்கையை ஷி குடும்பத்தில் கொடுத்தார்கள். அவளுக்கு ஒரே மகன், யுங்-மாவ். ஆக, முறைக்கு யுங்-மாவ் சாய்-லுவானுக்குச் சித்தி மகன், தம்பி. இந்த உறவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தைபேக்குப் பக்கத்தில் வூகு என்கிற அந்தப் பட்டறை ஊருக்கு அவள் வந்ததே இந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டுதான்.

அவளைக் கட்டிக்கொடுத்தது தெற்கே, லுகாங் பக்கத்தில் வீட்டுக்கு வீடு தண்ணீர்க் குழாய் செய்கிற ஊரில். ஒரு வீட்டில் பித்தளையை வார்ப்பார்கள், அடுத்த வீட்டில் அராவுவார்கள், அதற்கடுத்த வீட்டில் மெருகு போடுவார்கள். சாய்-லுவானின் புகுந்த வீட்டில் வார்ப்பும் உண்டு, மெருகும் உண்டு. முப்பது வருஷம் அவள் மெருகுச் சக்கரத்தின் முன்னால் நின்றாள். குழந்தை இல்லை. அவளுடைய நாற்பத்தெட்டாவது வயதில் கணவன் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். அதன் பிறகு மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், அவளை வீட்டோடு வைத்துக்கொண்டார். நல்ல மனிதர்தான், அடித்ததில்லை, திட்டினதும் குறைவு. ஆனால் அந்த வீட்டில் அவளுக்கு ஒரு சொல் இல்லை. "நம்ம வீட்டுக் கை" என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள். கைக்கு வாய் எதற்கு?

யுங்-மாவ் ஒரு வசந்தத் திருநாளில் கல்லறையைச் சுத்தம் பண்ண ஊருக்கு வந்தபோது சொன்னான்: "அக்கா, எங்க முதலாளிக்குச் செம்புல கண்ணாடி மாதிரி மெருகு போட ஒரு ஆள் வேணுமாம். வெளியில குடுத்தா பாதி கீறலோட வருது. மூணு மாசம் பாப்பாரு. புடிச்சா நிரந்தரம், இல்லேன்னா நீ திரும்பி வந்துரலாம்."

மூன்று மாசம் என்று மூத்தாரிடம் சொல்லிவிட்டுத்தான் அவள் பஸ் ஏறினாள். திரும்பி வருவதாகவும் சொல்லியிருந்தாள். மனசுக்குள் வேறு எண்ணம் இருந்தது.

வூகுவில் முதலாளி ஜியென்னுடைய பட்டறை தகரக் கொட்டகை, பன்னிரண்டு ஆட்கள். அங்கே செய்தது கம்ப்யூட்டர் கூலர். கம்ப்யூட்டருக்குள் புராசஸர் என்று ஒரு சில்லு, தீப்பெட்டி அளவு. வேலை கொடுத்தால் அடுப்பாகிவிடும். அதைச் செய்கிற கம்பெனிக்காரன் பெட்டிக்குள்ளேயே ஒரு குட்டிக் கூலரையும் வைத்துக் கொடுப்பான். அது சத்திரத்துச் சாப்பாடு மாதிரி, உயிர் தங்கப் போதும். ராப்பகலாக விளையாடுகிறவர்களுக்கும் படம் வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் அது காணாது. அவர்கள் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றைத் தனியாக வாங்கி மாட்டுவார்கள். ஜியென் செய்தது அந்த வேறொன்று.

ஒரு சாண் உயரக் கோபுரம். அடியில் செம்புக் கட்டை, அதுதான் சில்லின் தலையில் உட்காரும். கட்டையிலிருந்து ஆறு ஹீட் பைப்புகள் இருபுறமும் வளைந்து மேலே ஏறும். பைப்புக்குள் கொஞ்சூண்டு தண்ணீர். சூடு பட்டால் ஆவியாகி மேலே போய், அங்கே அடுக்கியிருக்கும் ஐம்பது அலுமினியத் தகடுகளில் சூட்டை இறக்கிவைத்துவிட்டு, தண்ணீராகி, உள்ளே இருக்கிற திரி வழியாகக் கீழே வரும். பக்கத்தில் கம்பிக் கொக்கியால் மாட்டின ஃபேன் அந்தச் சூட்டை ஊதித் தள்ளும். கோபுரத்தை நட்டநடுவில் வைக்காமல் ஒரு விரல் பின்னால் தள்ளி வைத்திருந்தார் ஜியென், முன்னால் நிற்கிற மெமரி அட்டையில் ஃபேன் இடிக்கக் கூடாதென்று. மூலைக்கு மூலை ஸ்பிரிங் போட்ட திருகாணி. எந்த முரடன் முறுக்கினாலும் அளவோடு நின்றுவிடும், சில்லு நசுங்காது. சில்லுக்கும் செம்புக்கும் நடுவில், சூடு தடையில்லாமல் கடக்க, அரிசி அளவு பசை.

முதல் நாள் ஜியென் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். நியென் என்ற குடும்பப் பெயரை எழுதுகிற எழுத்துக்கு 'ஒட்டு' என்றும் அர்த்தம் உண்டு.

"ஒட்டுக் குடும்பமா? அப்ப பசை வாங்குற செலவு மிச்சம்."

"ஒட்டிக்கிட்டா லேசுல உரிக்க முடியாது முதலாளி," என்றாள் சாய்-லுவான். யுங்-மாவ் பின்னால் நின்று பல்லைக் கடித்தான், அக்கா முதல் நாளே வாயாடுகிறாளே என்று. ஜியென்னுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

இரண்டு மாசம் போனது. மூன்றாவது மாசம் ஜெர்மனிக்காரன் ஒருவன் நாற்பது மாதிரிகள் கேட்டிருந்தான். அங்கே ஆட்கள் கூலரை வாங்கினதும் தலைகீழாகத் திருப்பி அடிச் செம்பில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்களாம். கண்ணாடி மாதிரி அடி வேண்டும் என்று ஜியென் பிடிவாதமாக இருந்தார். இந்த நாற்பதும் ஒழுங்காகப் போனால் மெருகு மேஜை பட்டறையில் நிரந்தரம், சாய்-லுவானும் நிரந்தரம். போகாவிட்டால் அவளுக்கு மூத்தார் வீடுதான். இதை யாரும் சுற்றி வளைத்துச் சொல்லவில்லை. ஜியென் நேராகவே சொன்னார்.

செம்புக் கட்டைகள் மில்லிங் பட்டறையிலிருந்து வந்தன. அது ஜியென்னுடைய மச்சான் காவ் நடத்தும் பட்டறை. சாய்-லுவான் அவற்றைத் தேய்த்து மெருகேற்றிக் கொடுத்தாள். யுங்-மாவ் பைப்பை வளைத்துக் கட்டையில் பதித்தான். சூளையில் ஈயம் உருகிப் பிடித்தது. தகடுகள் ஏறின. கடைசி மெருகுக்கு மறுபடி அவளிடம் வந்தது. நாற்பதும் வரிசையாக நின்றபோது ஜியென் ஒன்றைத் தூக்கி, அடிச் செம்பைப் பார்த்து மூக்கு முடியைப் பிடுங்கினார். அவ்வளவு துல்லியம்.

மறுநாள் சந்திர மாசத்துப் பதினாறு. வாசலில் மேஜை போட்டு மண்சாமிக்குப் பிஸ்கெட்டும் பழமும் வறுத்த கோழியும் வைத்திருந்தார்கள். ஊதுபத்தியைக் கையில் ஏந்தி ஜியென் கும்பிட்டுக்கொண்டிருக்கிறபோதே உள்ளேயிருந்து மருமகள் பெய்-ஜுன் வந்தாள். சோதனை மேஜை அவளுடையது. கல்லூரியில் படித்தவள், பேச்சைச் சுருக்கிப் பேசுவாள், சாய்-லுவானை மரியாதைக்குச் சித்தி என்று கூப்பிடுவாள்.

"மாமா, அறுபத்தேழு."

"என்ன அறுபத்தேழு?"

"சூடு. முதல்ல நீங்க செஞ்ச மாதிரி பீஸ் அறுபத்தொண்ணு காட்டுச்சு. இது அறுபத்தேழு. அஞ்சு பீஸ் போட்டுப் பாத்துட்டேன், அஞ்சும் அப்படியே."

ஜியென் ஊதுபத்தியை நட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே திரும்பிக் கத்தினார். "யுங்-மாவ்! எங்கடா போனே? பைப்பை இழுத்து வளைச்சியா? உள்ள இருக்கிற திரி நசுங்கினா தண்ணி எப்படிடா திரும்பி வரும்?"

"இல்ல முதலாளி, அதே அச்சுல வச்சுத்தான் வளைச்சேன்."

"போன மாசமும் அதே அச்சுதான். எட்டு பைப்பை நசுக்குனே. வாங்கிக் கட்டிக்கிட்டியா இல்லையா?"

"சாமி முன்னாடி நின்னுக்கிட்டு கத்தாதீங்க மாமா," என்றாள் பெய்-ஜுன்.

"சாமிக்கும் தெரியட்டும்!" என்றவர் சாம்பல் கையில் விழுந்ததும் உதறிக்கொண்டு பத்தியை நட்டார். நட்டுவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "நாளன்னிக்கு சாயங்காலம் பார்சல் வண்டி வரும். வேற பைப் ஆள் யாராச்சும் கெடைப்பானான்னு பாக்கறேன். நீ இந்த நாற்பதைத் தொடாதே."

யுங்-மாவ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு ஐம்பது வயது. வேறு பட்டறை ஏறி இறங்குகிற வயதில்லை.

சாய்-லுவானுக்கும் அப்போது பைப்தான் கோளாறு என்று தோன்றியது. பாவம், தம்பி பைப்பை இழுத்துவிட்டானே என்று நினைத்தாள். ஏதாவது உதவி பண்ணலாமென்று சோதனை மேஜைக்குப் போய், கழற்றிவைத்த கூலர்களின் அடியில் இருந்த பசையைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.

அங்கேதான் கை நின்றது.

முதலில் ஜியென் செய்த மாதிரியும் அங்கே கிடந்தது. அதன் அடியில், நடுவில் பசை ஒதுங்கிச் செம்பு தெரிந்தது. பசை நாலாப்பக்கமும் பிதுங்கி ஓரத்துக்குப் போயிருந்தது. அவள் மெருகேற்றினவற்றில் நேர் எதிர். ஓரம் சுத்தமாகச் செம்பு, நடுவில் பசை வெண்ணெய் வைத்தது மாதிரி தடியாக நின்றது. பெய்-ஜுன் இதைப் பார்த்துத்தான் "பசை கொஞ்சம் அதிகமாயிருச்சு போல" என்று எழுதிவைத்திருந்தாள்.

சாய்-லுவான் இரண்டையும் துடைத்தாள். குழாய்க்கு மெருகு போடுகிறவர்கள் ஒரு பொருள் சமமாக இருக்கிறதா என்று பார்க்க அளவுகோலைத் தேட மாட்டார்கள். டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பார்கள். பளபளப்பில் அந்த வெளிச்சக் கோடு விழும். கோடு நேராக ஓடினால் சமம், வளைந்தால் மேடு. தன்னுடையதைச் சாய்த்தாள். கோடு நூல் பிடித்தது மாதிரி ஓடியது. ஜியென்னுடையதைச் சாய்த்தாள். அது இவ்வளவு மெருகு இல்லாதது, ஆனாலும் தெரிந்தது. கோடு புருவம் மாதிரி லேசாக வளைந்திருந்தது.

நடுவில் ஒரு வயிறு. தாளின் கனம்கூட இருக்காது.

கட்டைகள் காவ் பட்டறையிலிருந்து வந்தபோது நாற்பதிலும் இந்த வயிறு இருந்தது. அவள் பார்த்தாள். பார்த்து, மில்லிங்காரன் கத்தியைத் தீட்டாமல் ஓட்டியிருக்கிறான் என்று நினைத்தாள். கனத்த கண்ணாடிப் பலகையில் வாட்டர் பேப்பரை ஒட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து, நாற்பது கட்டையின் வயிற்றையும் தேய்த்துச் சமமாக்கினாள். அப்புறம்தான் மெருகு. யாரிடமும் சொல்லவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

சில்லின் தலை நடுவில் துளி குழிந்திருக்கும், செம்பின் வயிறு அந்தக் குழியில் போய் அமர வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால் பசையே சொல்லிவிட்டது.

துணி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. இதன் அர்த்தம் புரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். இன்னும் துணியால் ஒரு தடவை இழுத்தால் மற்ற நான்கிலும் அடையாளம் போய்விடும். பழி பைப்பின் மேலே நிற்கும், பைப் தம்பியுடையது. சொன்னால் மூன்று மாசம் முடிகிற நேரத்தில் நாற்பது மாதிரியைக் கெடுத்தவள் என்று ஆகும். ஊர் பஸ் தினம் நான்கு தடவை போகிறது.

மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டி வந்தது. பன்றித்தொடை, முட்டைக்கோஸ், பாதி அவித்த முட்டை. எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யுங்-மாவ் மட்டும் வரவில்லை. பசியில்லை என்றான்.

"அவனைக் கூப்பிடுங்க," என்றாள் சாய்-லுவான். "பைப்புல ஒண்ணுமில்ல."

ஜியென் வாயில் சோற்றோடு நிமிர்ந்தார். "உனக்கெப்படித் தெரியும்?"

"வயித்த நான் எடுத்துட்டேன்."

"யார் வயித்த?"

"செம்பு வயித்த. கட்டை வரும்போது நடுவுல மேடா இருந்துச்சு. நான் தேச்சுச் சமம் பண்ணிட்டேன். நாப்பதையும்."

பெய்-ஜுன் சாப்பாட்டுக் குச்சியை வைத்துவிட்டு எழுந்து சோதனை மேஜைக்கு ஓடினாள். ஜியென் ஓடவில்லை. சோறு கன்னத்தில் அப்படியே இருந்தது.

"அந்த வயித்துக்குத்தான் நான் ஒன்றரை வருஷம் அலைஞ்சேன். ஒரு முடி கனம் அதிகம் வச்சுப் பாத்து, அரை முடி கம்மி வச்சுப் பாத்து... நீ ரெண்டு நாள்ல தேச்சுட்டியா? மேடா இருக்குன்னு தெரிஞ்சுதுல்ல? ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?"

"எங்க பக்கம் கேக்க மாட்டாங்க."

"என்னது?"

"வார்ப்புக்காரன் ஓட்டை விட்டா அராவறவன் அடைப்பான். அராவறவன் கீறல் விட்டா மெருகுக்காரி எடுப்பா. முன்கை விட்ட குறைய பின்கை மூடிக்கிட்டுப் போகணும். சொன்னா அவன் மானம் போகும். சொந்தக்காரனாவும் இருப்பான். உங்க மச்சான் குறைய உங்ககிட்டயே எப்படிச் சொல்றது?"

ஜியென் ஒருவழியாகச் சோற்றை விழுங்கினார். "அடிப்பாவி. காவ் காதுல இது விழுந்துச்சுன்னா மூணு மாசம் அவன் எங்கிட்டப் பேச மாட்டான்."

"மூணு மாசம் நிம்மதி," என்று உள்ளிருந்து பெய்-ஜுன் குரல் வந்தது. பிறகு, "மாமா, சித்தி சொல்றது சரி. எல்லாம் தட்டை. மேடு அளக்கிற கேஜ்ல முள்ளு அசையவே மாட்டேங்குது."

யுங்-மாவ் அச்சுப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து, யாரையும் பார்க்காமல், தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முட்டையை அக்காவின் பெட்டிக்கு மாற்றிவைத்தான்.

புதுக் கட்டைக்கு நேரமில்லை. பைப் பதித்து, ஈயம் வைத்து, தகடு ஏற்றின கோபுரத்தை மறுபடி மில்லிங்கில் பிடிக்கவும் முடியாது. ஜெர்மனிக்காரனுக்கு எழுதிவிடலாமா என்று ஜியென் யோசித்தார்.

"சக்கரத்துல நான் வயிறு போடறேன்," என்றாள் சாய்-லுவான்.

"சக்கரத்துலயா? கையாலயா?"

"துணிச் சக்கரம் சும்மா விட்டா ஓரத்தத்தான் தின்னும். தின்ன விடாம புடிக்கிறதுதான் வேலையே. நான் விட்டுப் பாக்கறேன்."

முதல் ஒன்றை அவள் கெடுத்தாள். ஓரம் அளவுக்கு மேல் போய் வயிறு பானையாகிவிட்டது. சோதனையில் எழுபது காட்டியது. ஜியென் வெளியே போய் மண்சாமி மேஜையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். இரண்டாவது அறுபத்து நான்கு. மூன்றாவதையும் நான்காவதையும் அவள் ஜியென்னுடைய மாதிரிக்குப் பக்கத்தில் வைத்து, டியூப் லைட்டில் இரண்டு புருவமும் ஒன்றாக வளைகிறவரை போட்டாள். மூன்றாவது அறுபத்தொன்றரை. நான்காவது அறுபத்தொன்று.

ஒவ்வொன்றையும் சோதிக்க அரைமணி ஆகும், நாற்பதுக்கும் ஆகிற காரியமில்லை. பெய்-ஜுன் சொன்னாள்: "சித்தி, கண்ண மட்டும் நம்பி எப்படி அனுப்பறது?"

"கேஜை வை. முள்ளு என்ன சொல்லுதோ அதைச் சொல்லு. நான் பாக்க மாட்டேன், திரும்பி நின்னுக்கறேன்."

பத்து முடிந்ததும் பெய்-ஜுன் அவற்றுக்குக் கேஜ் வைத்தாள். ஒன்பது சரி. ஒன்றில் முள் கொஞ்சம் தாண்டியது. "இது?" என்றாள். "தகட்டுல வட்டமா கீறல் இருக்கறதா?" என்று திரும்பாமலே கேட்டாள் சாய்-லுவான். "ஆமா." "அது எனக்கே சந்தேகம். தனியா வை."

கோபுரத்தைத் தலைகீழாகப் பிடித்துத்தான் சக்கரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ கனம், அலுமினியத் தகடு ஒவ்வொன்றும் பிளேடு. யுங்-மாவ் குளியல் துண்டுகளைக் கிழித்துக் கோபுரத்துக்குச் சுற்றிக் கொடுத்தான். அப்படியும் அவள் உள்ளங்கையில் கோடு கோடாக விழுந்தது. மறுநாள் முழுக்க அவன் சுற்றிக் கொடுத்தபடியும் அவள் போட்டபடியும் இருந்தார்கள். ஒரே ஒரு தடவை அவன் கேட்டான்: "பசையத் துடைச்சு விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"உனக்கென்ன இப்ப?"

"சும்மா கேட்டேன்."

"துண்டச் சுத்துடா."

அதற்கடுத்த நாள் மூன்று மணிக்கு முப்பத்தேழு கோபுரங்கள் பெட்டிக்குள் போயின. மூன்று கழிந்தது. பார்சல் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனதும் ஜியென் மெருகு மேஜை பக்கம் வந்து, அதை இடுப்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தார்.

"இங்க வெளிச்சம் பத்தல. நாளைக்கு ஜன்னல் பக்கம் மாத்திரலாம். தரையில போல்ட் போட்டு இறுக்கிரணும்."

சாய்-லுவான் கையில் மருந்து தடவிக்கொண்டிருந்தாள். கேட்டது சரிதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. "ஜெர்மனிக்காரன் வேணாம்னு சொல்லிட்டா?"

"சொன்னா சொல்லட்டும். கண்ணால முடி அளவு வயிறு போடற ஆளை நான் வெளியில விட்டா அடுத்த தெருக்காரன் புடிச்சுப்பான். ஆனா ஒண்ணு. இனிமே எதுல குறை தெரிஞ்சாலும் கத்தணும். யார் செஞ்சதா இருந்தாலும். என் மச்சானா இருந்தாலும், நானா இருந்தாலும்."

"கத்திப் பழக்கமில்ல முதலாளி."

"பழகு."

அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் அவள் வாசலில் நின்று ஊருக்கு ஃபோன் போட்டாள். எடுத்தது ஓரகத்தி, மூத்தாரின் மனைவி.

"லுவானா? மூணு மாசம் முடியப் போகுதே, எந்த பஸ்ஸுல வர்றே? கோழி அடிச்சு வைக்கணுமில்ல."

"அக்கா, நான் வரல. இங்கயே இருந்துக்கறேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு ஓரகத்தி கேட்டாள்: "அவங்க உன்னப் புடிச்சு வச்சுக்கிட்டாங்களா?"

"நான்தான் புடிச்சுக்கிட்டேன்."

"உன் துணியெல்லாம் இங்க இருக்கே. குளிர்காலப் போர்வையெல்லாம்."

"மூட்டையாக் கட்டி பஸ்ஸுல போட்டு விடுங்க. தம்பி போய் எடுத்துப்பான்." உள்ளங்கைக் காயம் வலித்ததால் ஃபோனை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள். "அப்புறம் அக்கா, இன்னொண்ணு. மூத்தார் வார்க்கிற அச்சு இடது பக்கம் தேஞ்சு போயிருக்கு. எட்டு வருஷமா. ஒவ்வொரு குழாயும் அந்தப் பக்கம் வீங்கித்தான் வருது. நான்தான் தேச்சுத் தேச்சுச் சரி பண்ணிட்டிருந்தேன். புதுசா வர்ற கைக்கு அது தெரியாது."

"எட்டு வருஷமாவா?" ஓரகத்தி குரல் இறங்கியது. "எம்மா, இத நான் எப்படிச் சொல்வேன். இதோ பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. நீயே சொல்லிக்கோ."

ஃபோன் கை மாறியது. மூத்தார் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. சாய்-லுவான் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து சொன்னாள், வரவில்லை என்பதையும், அச்சையும். சொல்லி முடித்தபோது குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிருந்தது. உள்ளே பெய்-ஜுன் திரும்பிப் பார்த்தாள்.

மூத்தார் டிவியை அணைக்கச் சொன்னார்.

"எந்த அச்சு?" என்றார்.

"ஒத்தைக் கைப்பிடிக் குழாய் அச்சு," என்றாள் சாய்-லுவான்.